தாழிப் பொய்

வில்லியனூர்த் தேரடிக்குப் பின்னாலிருந்த நீலக்கார வீட்டில் பொய் சொல்வதும் தொழிலில் ஒரு பகுதி. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். துணியை நனைப்பது, சாயத்தில் முக்குவது, பிழிவது, காற்றாட விரிப்பது என்று அப்பன் பிள்ளைக்குப் பழக்கிவிட்ட கைவேலைகளோடு, சமயம் பார்த்து ஊருக்குள் ஒரு பொய்யை அவிழ்த்துவிடவும் அந்த வீட்டில் பழக்கினார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த காலம் அது. ஊருக்குத் தலைவராக மேர் இருந்தார், போலீஸ் இருந்தது, தேர் வடத்தைத் தொட்டுக்கொடுக்கத் துரை வந்தார். பொய்க்கு மட்டும் யாரும் வரி போடவில்லை.

வீட்டுப் பின்கட்டில் ஒரு பெரிய மண் தாழி இருந்தது. பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. அவுரியிலிருந்து எடுத்த நீலக்கட்டியை அரைத்துப் போட்டு, சுண்ணாம்புத் தெளிவும் தகரை விதை வேகவைத்த கஞ்சியும் விட்டு ஊறப்போடுவார்கள். அந்தத் தண்ணீரை முழுக்க இறைத்துக் கொட்டியதே கிடையாது. பழைய தயிரிலிருந்து உறை எடுப்பதுபோல, பாட்டன் பூட்டன் காலத்துத் தண்ணீரின் மேலேயே புதுத் தண்ணீரை விட்டுவிட்டு வந்தார்கள். தாழி விரிசல் கண்டால் ஆகுமென்று மூலையில் ஒரு குடத்தில் பழந்தண்ணி எப்போதும் மூடிவைத்திருக்கும். அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால்கூட முதலில் ஆளுக்கொரு குடம் பழந்தண்ணி, அப்புறம்தான் நிலமும் மாடும்.

தாழி நன்றாக இருக்கும்போது மேலே செம்பு நிறத்தில் ஏடு கட்டி, நீல நுரை தள்ளிக்கொண்டு நிற்கும். முக்கி எடுத்த துணி பச்சையாக வெளியே வந்து, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். தாழி படுத்துக்கொண்டால் நுரை அடங்கிவிடும், அழுகல் வாடை அடிக்கும், துணி சாம்பல் பூசினதுபோல வரும். சுண்ணாம்பைக் கூட்டிப் பார்ப்பார்கள், குறைத்துப் பார்ப்பார்கள். அதற்கும் எழுந்திருக்காவிட்டால் தாழிப் பொய்தான் மருந்து. வீட்டுப் பெரியவர் பெட்டிக்கடையில் போய் உட்கார்ந்து, "சேதராப்பட்டுல ஒரு பசு ரெண்டு தலையோட கன்னு போட்டுக்கீதாம்" என்பார். வெளி ஆள் ஒருத்தன் நம்பிவிட்டால் போதும், தாழி எழுந்துகொள்ளும். சேர்த்த சுண்ணாம்பு வேலை செய்யவே அவ்வளவு நேரம் ஆகும், பொய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விவரம் தெரிந்தவன் சொல்லலாம். அந்த வீட்டு வாசலில் நின்று சொன்னால் செருப்பு பறந்து வரும்.

ஊருக்கும் இந்தக் கூத்து தெரியும். நம்ப முடியாத சேதி எது வந்தாலும், "நீலக்காரர் தாழி படுத்துக்கிச்சாடா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்படிக் கேட்டபிறகும் நாலு பேர் நம்புவார்கள், அது வேறு விஷயம். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஏனென்றால் முன்னோர் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். தாழிப் பொய் மாட்டைத் தொடலாம், மரத்தைத் தொடலாம், ஏரியைத் தொடலாம், துரையின் தொப்பியைக்கூடத் தொடலாம். மனுஷர் பேரைத் தொடக்கூடாது.

அந்தச் சட்டத்தைக் குழந்தைவேல் மீறினான். அவன்தான் அப்போது வீட்டுக்குப் பெரியவன். நல்ல கைவேலைக்காரன். அதை இல்லையென்று சொன்னால் நமக்குப் பாவம். கண்ணைக் கட்டிவிட்டாலும் துணியின் ஈரத்தைத் தொட்டே எத்தனை முக்கு ஆனதென்று சொல்லிவிடுவான். கை சுத்தமாக இருந்து என்ன செய்ய, வாய்?

அவன் தம்பி சாமிநாதனுக்கு வாழ்க்கைப்பட்டவள் தனக்கொடி. பிறந்த ஊர் அரியூர். அவளுக்கு ஒரே தங்கை ருக்குமணி. அவளைக் கரியமாணிக்கத்தில் கரும்புக் கொல்லையும் ஏர்மாடும் உள்ள விருத்தாம்பாள் தன் மகனுக்கு நிச்சயம் செய்திருந்தாள். பரிசமும் போட்டாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் தாழி படுத்துக்கொண்டது. நீலத் துணி வாங்கிக் கப்பலில் ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிற பட்டணத்து வியாபாரி சூசைநாதன் ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார். குழந்தைவேல் இரண்டு தலைக் கன்றை அவிழ்த்துவிட்டான், பலிக்கவில்லை. ஊசுடேரியில் முதலை வந்துவிட்டது என்றான். பையன்கள் போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். அவன் உட்கார்ந்து யோசித்தான். கன்றுக்கு இரண்டு தலை என்றால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் போய்ப் பார்க்காமலே நம்புவார்கள். இந்த ஞானம் வந்ததும் எழுந்து சாலைக்குப் போனான். கரியமாணிக்கத்துக் கரும்பு வண்டிக்காரன் ஒருத்தன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். குழந்தைவேல் அவனிடம் குரலைத் தாழ்த்தி, துக்கம்போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான்.

"எங்க தனக்கொடி தங்கச்சிதான் உங்க ஊருக்கு வரப்போவுது. நல்ல பொண்ணு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி காக்கா வலிப்பு வரும், அவ்ளோதான். யார்கிட்டியும் சொல்லிக்கினு இருக்காத."

வண்டி ஊர் போய்ச் சேர்வதற்கு முன்னால் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. விருத்தாம்பாள் ஆள் விட்டுப் பரிசத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ருக்குமணியின் அப்பா கரியமாணிக்கத்துக்கு நடந்துபோய் அவள் வாசலில் நின்று அழுதார். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றார். "நெருப்பில்லாம பொகையாது" என்று சொல்லி அவள் உள்ளே போய்விட்டாள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? குளத்தங்கரையில் ருக்குமணி குடத்தை இறக்கினால், விழுந்துவிடப் போகிறாளோ என்று பெண்கள் விலகி நின்று பார்த்தார்கள். அந்தப் பெண் அதையெல்லாம் பொறுக்கமாட்டாமல் ஒரு காலையில் கொல்லைக் கிணற்றில் விழுந்து செத்தாள். அதற்கும் ஊர் என்ன சொன்னது தெரியுமா? தண்ணீர் இறைக்கும்போது வலிப்பு வந்து விழுந்துவிட்டாள் என்றது. சாவே சாட்சியாகிவிட்டது.

இங்கே வில்லியனூரில் தாழி எழுந்து நுரை தள்ளியது. குழந்தைவேல் தாழிக்குத் தேங்காய் உடைத்தான்.

கருமாதி முடிந்து வந்த தனக்கொடியிடம் சாமிநாதன்தான் உண்மையைச் சொன்னான். அவன் அண்ணனுக்கு அடங்கின தம்பி. ஆனாலும் பெண்டாட்டி சோறு தண்ணீர் இல்லாமல் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை. "அண்ணன் தாழிக்காவ சொன்னாரு, தனக்கொடி. இப்பிடி ஆவும்னு யார் கண்டா?" என்றான். அவள் எழுந்து நேராகப் பின்கட்டுக்குப் போனாள். அதுவரை புருஷனுக்கு மூத்தவன் எதிரில் நிமிர்ந்து நின்றவள் இல்லை. அன்றைக்கு நின்றாள்.

"மாமா, எந்தங்கச்சி பேர்ல பொய் சொன்னது நீங்கதானா?"

குழந்தைவேல் துணியை உதறிக்கொண்டே பதில் சொன்னான். "நான் சொன்னது தாழிக்கு. அத்த நம்புனது கரியமாணிக்கத்துக்காரி குத்தம். கெணத்துல வுழுந்தது அவ குத்தம். இதுல என் குத்தம் இன்னா?"

"பொய்யின்னு ஒரு வார்த்த ஊர்ல சொல்லிடுங்க. அவ போய்ட்டா, பேராவது மிஞ்சட்டும்."

"சொன்னா தாழி திரும்பப் படுத்துக்கும். நீ துன்ற சோறும் இந்தத் தாழியிலேர்ந்துதான் வருது. நெனப்புல வெச்சிக்கோ. போய்த் தகரைய வேகவை."

அவள் போய்த் தகரையை வேகவைத்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை, பிறந்த வீட்டுக்கும் போகவில்லை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அவளுக்குப் பூமி வேண்டாம். தன் தங்கை வலிப்புக்காரி இல்லையென்று ஊர் சொல்லவேண்டும். சொல்லவைக்கிறபோது குழந்தைவேலுக்கு வலிக்கவேண்டும். இந்த இரண்டையும் ஆவக்காய் ஊறுகாய் மாதிரி மனசில் போட்டு மூடிவைத்தாள். நாளாக நாளாகக் காரம் ஏறியது.

மறு வருஷம் தேர்த் திருவிழாவுக்கு முன்னால் சூசைநாதன் மறுபடி வந்தார். போன தடவையைவிட அதிகத் துணி கேட்டார். கப்பல் வந்து நிற்கும், அதற்குள் துணி வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தனக்கொடி தகரைக் கஞ்சியில் புளி கரைத்தாள்.

கஞ்சி காய்ச்சித் தாழியில் ஊற்றுவது அந்த வீட்டு மருமகள்களின் வேலை. சுண்ணாம்புக்கும் புளிப்புக்கும் ஆகாது என்பதைத் தெரிந்துகொள்ளப் படித்திருக்க வேண்டியதில்லை. வெற்றிலை போடுகிற வாய்க்கே தெரியும். தாழி படுத்துக்கொண்டது. குழந்தைவேல் சுண்ணாம்பைக் கூட்டினான், இவள் புளியைக் கூட்டினாள். பனைமரத்தில் பாம்பு முட்டையிட்டது என்றான், கோயில் யானை பேசியது என்றான். எதற்கும் நுரை வரவில்லை. அவன் முகம் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு போவதைத் தனக்கொடி பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பசித்தது. ஒரு வருஷமாக இல்லாத பசி.

ஒருநாள் ஓரகத்தி தையலம்மாள், அதாவது குழந்தைவேலின் பெண்டாட்டி, விளக்கேற்றிவைத்துவிட்டுத் தாழிமுன் உட்கார்ந்து அழுதாள்.

"ஏன் தனக்கொடி, இது எதுக்கும் எழுந்திருக்கலியே, இன்னா கேக்குதுன்னு தெரிலியே."

"நான் சொன்னா மாமா கோவிச்சிக்குவாரு, அக்கா."

"சொல்லுடி."

"ஆளத் தொட்டுப் பொய் சொல்லக்கூடாதுன்னு பெரியவங்க வெச்ச சட்டம். அத்த மீறியாச்சு. அந்தப் பொய்யத் திருப்பி வாங்கிக்கோன்னு தாழி கேக்குது."

தையலம்மாள் அப்போதே எழுந்து குழந்தைவேலிடம் போனாள். அன்று முதல் அவள் புருஷனை உட்காரவிடவில்லை, தின்னவிடவில்லை. குழந்தைவேல் முதலில் திட்டினான். பிறகு திட்டுவதை நிறுத்தினான். அவனும் அதே தாழியின் பிள்ளைதானே, பயம் அவனுக்கும் இருந்தது. தேரன்றைக்குக் காலையில், "ஆவட்டும். கரியமாணிக்கத்தம்மா தேருக்கு வரும். சொல்லித் தொலைக்கிறேன்" என்றான். தனக்கொடி அன்றைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள்.

துரை வந்து வடத்தைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். தேர் ஒரு வீதி நகர்ந்து மத்தியானத்துக்கு நின்றிருந்தது. நீர்மோர்ப் பந்தலில் நல்ல கூட்டம். விருத்தாம்பாள் பலகையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். குழந்தைவேல் அவள் எதிரில் போய் நின்றான். தனக்கொடி அவன் பின்னால் நின்றாள்.

"அம்மா, ருக்குமணிக்கு வலிப்பு கெடையாது. ஒரு நாளும் வந்ததில்ல. உங்க வண்டிக்காரன்கிட்ட நான் சொன்னது பொய்."

விருத்தாம்பாளின் விசிறி நின்றது. தனக்கொடி மூச்சை அடக்கிக்கொண்டு அந்தம்மாளின் முகத்தையே பார்த்தாள். கண் கலங்கப்போகிறது, வாய் திறந்து "ஐயோ" என்று சொல்லப்போகிறது என்று காத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பந்தலையொட்டிய பெட்டிக்கடை நாகராஜன் மோர்ச் செம்பை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டான்.

"இன்னா நீலக்காரரே, தாழி படுத்துக்கிச்சா?"

பந்தலே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். விருத்தாம்பாளும் சிரித்தாள். சிரிக்கமாட்டாளா? குழந்தைவேல் சொன்னது உண்மையென்றால் ஒரு நல்ல பெண்ணைச் சாகடித்த பழியில் பாதி அவள் தலையில் அல்லவா விழும்! பொய்யென்றால் அவளுக்கு ராத்திரி தூக்கம் வரும். "செத்தவள வெச்சா தாழிய எழுப்பறது? உனுக்கே நல்லாக்கீதா?" என்று அவனுக்குப் புத்தி வேறு சொன்னாள்.

அதையும் தனக்கொடி தாங்கியிருப்பாள். குழந்தைவேல் சிரித்தான். அதைத்தான் தாங்க முடியவில்லை. "இல்லம்மா, மெய்யாத்தான் சொல்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்டவர்கள் சிரித்ததும் அவனுக்கு உயிர் வந்தது. கையைக் குவித்து, "இன்னா பண்றதும்மா, வயித்துப் பொழப்பு" என்று பல்லைக் காட்டினான். செத்துப்போன பெண்ணை இரண்டாம் தடவை கிணற்றில் தள்ளிவிட்டான்.

தனக்கொடிக்குக் காது அடைத்தது. அந்த இரைச்சலுக்குள் ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தாழி படுத்திருந்தால், அதற்காகப் பொய் சொல்கிறான் என்பார்கள். புளியை நிறுத்தித் தாழியை எழுப்பிக்காட்டினால், பார், பொய் பலித்துவிட்டது என்பார்கள். தாழி இருக்கிறவரைக்கும் நீலக்காரன் வாயில் வருகிற உண்மை உண்மையாகாது. தாழியே இல்லாத நீலக்காரனுக்குப் பொய் எதற்கு? ஒரு வருஷமாகத் தாழியைப் படுக்கவைக்கிற வழியைத்தான் யோசித்திருக்கிறாள். எவ்வளவு பைத்தியக்காரி! அவள் விருத்தாம்பாளின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"வாங்க. எங்க வூட்டுத் தாழிய வந்து பாருங்க."

"விடுடி, இன்னாடி இது?"

விடவில்லை, இழுத்துக்கொண்டு நடந்தாள். தேர் நின்றிருந்த நேரம், வேடிக்கைக்குக் காசா பணமா, கூட்டம் பின்னாலேயே வந்தது. நாகராஜன் கடையைக்கூடச் சாத்தாமல் வந்தான். பின்கட்டில் துணி உலர்த்தக் கம்பம் நடுகிற கடப்பாரை சுவரில் சாத்தியிருந்தது. தனக்கொடி விருத்தாம்பாளைத் தாழிக்கு எதிரே நிறுத்திவிட்டுக் கடப்பாரையை எடுத்தாள். சாமிநாதன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான்.

"தனக்கொடி, அது நம்ம சோறுடி."

"தெரியும். கைய வுடுங்க."

அவள் முகத்தைப் பார்த்தான். விட்டுவிட்டான். அந்த மனுஷன் ஆயுசில் செய்த ஒரே தைரியமான காரியம் அதுதான்.

முதல் குத்திலேயே தாழியின் வயிறு பிளந்தது. பாட்டன் பூட்டன் காலத்துத் தண்ணீர் நாற்றத்தோடு பீறிட்டுக்கொண்டு வந்து அவள் சேலையை நனைத்தது, கூட்டத்தின் காலை நனைத்தது, வாசலைத் தேடிக்கொண்டு ஓடியது. மேடேறி நின்றவர்கள் கத்தினார்கள். அவள் நிறுத்தவில்லை. மண்ணுக்குள் இருந்த பாதிக்குள் கடப்பாரையை விட்டு அடியையும் உடைத்தாள். மிச்சத் தண்ணீரைப் பூமி குடித்தது. குழந்தைவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் கண் தாழியில் இல்லை, மூலையிலிருந்த பழந்தண்ணிக் குடத்தில் இருந்தது. அந்தக் குடம் மிஞ்சினால் நாளைக்கு வேறொரு தாழி. தனக்கொடியும் அதைப் பார்த்தாள். அவன் கை நீளுவதற்குள் குடத்தைத் தூக்கிச் சுண்ணாம்புக் குழிக்குள் போட்டு உடைத்தாள்.

குழந்தைவேல் தலையில் அடித்துக்கொண்டு அலறினான்.

"அடிப் பாவி! அடிச் சண்டாளி! உந்தங்கச்சி பேர்ல ஒரே ஒரு பொய் சொன்னேன்டி! வலிப்பே இல்லாதவள வலிப்புக்காரின்னேன், அவ்ளோதானே! அதுக்காவ எங்க வம்சத்தையே கொட்டிட்டியேடி!"

அவன் குரல் தெருவரைக்கும் கேட்டது. நாகராஜன் வாயைத் திறந்தான், என்னவோ கேட்க வந்தான். தாழி இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை, "அப்ப அந்தப் பொண்ணு…" என்று தொடங்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குழந்தைவேலுக்குத் தான் சொன்னது தாமதமாகத்தான் காதில் விழுந்தது. சுற்றிலும் பார்த்தான். எந்த முகத்திலும் சிரிப்பில்லை. "நான்… தாழிக்காவ…" என்றான். "எந்தத் தாழிக்கு?" என்று தனக்கொடி கேட்டாள். அவன் சேற்றில் உட்கார்ந்து ஓடுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். தையலம்மாள் அவனைத் தூக்கிவிடக்கூடக் கிட்டே வரவில்லை. அவன் கை ஒவ்வொரு ஓடாகத் தடவுவதைத் தனக்கொடி நின்று பார்த்தாள். ஆசை தீரப் பார்த்தாள். போதும் என்று தோன்றினபிறகுதான் விருத்தாம்பாள் பக்கம் திரும்பினாள்.

அந்தம்மாள் புடவை முழங்கால்வரை சாம்பல் நீலமாகிக் கிடந்தது.

"நடங்க" என்றாள் தனக்கொடி.

"எங்கடி?"

"அரியூருக்கு. எங்கப்பா வெளிய தலகாட்டி ஒரு வருஷமாவுது. எம்பொண்ணுக்கு ஒண்ணுமில்லன்னு உங்க வாசல்ல நின்னு அழுதாரே, அவருகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க."

"எந்த வாயால சொல்லுவன் தாயி?"

"நெருப்பில்லாம பொகையாதுன்னு சொன்ன வாயாலதான்."

விருத்தாம்பாள் கூட்டத்தைப் பார்த்தாள். அவளுக்காகப் பேச ஒருத்தரும் முன்வரவில்லை, வழியை மட்டும் விட்டார்கள். முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நடந்தாள். தனக்கொடி அவளை முன்னால் விட்டு, தான் பின்னால் நடந்தாள். வழியில் எங்கேயாவது திரும்பி ஓடிவிடக் கூடாது என்பதற்காக.